விழத் தெரிந்தவள்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்துபோயிற்று. இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் போனைக் கையில் கொடுக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் அது வார்டனின் அலமாரியில். அந்த ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் உனக்கு அடித்தே போகிறது. மூன்று ஞாயிறு பார்த்துவிட்டேன். அதனால்தான் கடிதம். கடிதம் வந்தால் அம்மா எடுத்து உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள், நீ தப்ப முடியாது.

விமான நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். கோச் வந்தார். கிளப்பில் நம்மோடு ஜூடோ பழகுகிற தபால்காரர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சைக்கிளை எங்கோ போட்டுவிட்டு ஓடி வந்தார். நீ வரவில்லை. "எக்ஸ்ரே ரூம்ல ஆள் இல்லையாம், டூட்டி மாத்த முடியலையாம்" என்றாள் அம்மா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் பூட்டைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது, உனக்குத் தெரியும்.

ஒரே எடைப் பிரிவு, இந்த வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம், தேர்வின் கடைசிச் சுற்றில் நீயும் நானும். நாற்பது விநாடியில் இடுப்பு வீச்சு, முழுப் புள்ளி, நடுவர் கையைத் தூக்கிவிட்டார். இதில் நான் செய்த குற்றம் என்ன? இருபத்தாறு வயதுக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று விதி போட்டவள் நானா?

சரி, இங்கத்திய கதை. பயிற்சிக் கூடம் நம் கிளப்பைப் போல நாலு மடங்கு. காலை ஐந்தரைக்கு மேட் துடைக்க வேண்டும். ஈரத்துணியை இரண்டு கையாலும் தரையில் அழுத்திக்கொண்டு, குனிந்தபடியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட வேண்டும். நடந்தால் திரும்ப முதலிலிருந்து. என் அறையில் இரட்டைக் கட்டில். கீழே நான், மேலே ஆளில்லை. பக்கத்து அறைக்காரிக்கு முழங்கால்வரை சடை, குதிரைவால் என்று பெயர் வைத்திருக்கிறேன். வந்த நாளிலிருந்து என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். முழங்கையெல்லாம் நீலம். நான் விழுவது பஸ் மேலிருந்து மூட்டையை உருட்டிவிட்டது போல இருக்கிறதாம். எல்லோருக்கும் நடித்துக் காட்டுகிறாள்.

ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

உன் தங்கை

*

மார்ச் 2

வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் தட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

நான் உண்மையிலேயே டூட்டியில் இருந்தேன். அன்று காலை பதினேழு நெஞ்சு, நாலு கால், ஒரு மண்டை. "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், விடுங்க." நாள் முழுக்க இதைத்தான் சொல்கிறேன். டூட்டி மாற்றிக்கொள்ள ஆள் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. அம்மா சொன்னது பாதிப் பொய்தான், அவளைக் குறை சொல்லாதே.

ஜெயித்தது குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. நீயே கேள்வியும் கேட்டு நீயே பதிலும் எழுதியிருக்கிறாய். பிறகு நான் எதற்கு?

அம்மா உன் போட்டோவைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறாள். பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு முறைக்கிறாயே, அது. ஆணி அடித்தது நான்தான்.

சனிக்கிழமை மட்டும் கிளப்புக்குப் போகிறேன். புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். என்னோடு ஜோடி போடத்தான் அவர்களுக்கு ஆசை. "மெத்தை அக்கா, எனக்கு ஒரு தடவை" என்கிறார்கள். நீ அங்கே போனாலும், நீ வைத்த பெயர் இங்கே சௌக்கியமாக இருக்கிறது. யாரிடமும் வலிக்காமல் விழுகிறவளுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது என்று கோச்சும் சிரித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்கைக்கு ஐஸ் வை.

அக்கா

*

மார்ச் 28

அக்கா,

இதை எழுதுவதற்கு முன் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. இதுவரை நான் ஒருத்தியைக்கூட வீசவில்லை.

ஒருத்தியைக்கூட. என் இடுப்பு வீச்சுக்கு நுழைகிறேன், காலரைப் பிடித்துத் திரும்புகிறேன், இழுக்கிறேன். அவர்கள் அப்படியே நிற்கிறார்கள். ஒரு நாள் குதிரைவால் என் முதுகில் சாய்ந்துகொண்டே கொட்டாவி விட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, முதலில் மேட் வழுக்குகிறது என்றேன். பிறகு சாப்பாடு சேரவில்லை என்றேன். இரண்டும் இல்லை.

போன வாரம் இங்குள்ள தலைமைப் பயிற்சியாளரம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இத்தனை வருஷம் யாரோட பழகினே?" என்று கேட்டார். அக்காவோடு என்றேன். "அவங்க ஒரு தடவையாவது விழாம நின்னிருக்காங்களா?" என்றார். நானும் யோசித்துப் பார்க்கிறேன் அக்கா, எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. நான் எங்கே கையை வைத்தாலும் நீ காற்று மாதிரி எழும்பிப் போய் விழுந்தாய். அதை என் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் புலி, வெளியில் எலி.

"உன் வீச்சுல பாதியை அவங்கதான் செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அந்தம்மா போய்விட்டார். இப்போது என்னைப் புதிதாகச் சேர்ந்தவர்களோடு மூலையில் நிறுத்தி விழக் கற்றுக்கொடுக்கிறார்கள். கறுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நான் அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

இனி நான் கேட்பதற்கு நீ மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். தேர்வு அன்றைக்கும் அப்படித்தானா? சின்னவள் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தாயா? அப்படியானால் அது பிச்சை. பிச்சையும் போட்டுவிட்டு, விமான நிலையத்துக்கு வராமல் முகத்தையும் தூக்கிவைத்துக்கொள்வாயா? ஊரார் முன் எனக்கு மாலை போட வைத்துவிட்டு உள்ளுக்குள் சிரித்தாயா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தங்கை

*

ஏப்ரல் 19

வாலுவுக்கு,

விட்டுக்கொடுத்தேன் என்று இன்னொரு தடவை எழுதினால் உன் கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

கேள். நீ கிளப்பில் சேர்ந்தபோது உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினாலு. முதல் மாதம் உன்னால் என்னை அசைக்க முடியவில்லை. மேட்டிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாய். கோச் வந்து என் காதில், "கொஞ்சம் எழும்பிக் கொடும்மா, சின்னப் பொண்ணு, ஆசையா வருது, விட்டுட்டுப் போயிடப் போவுது" என்றார். எழும்பிக் கொடுத்தேன். நீ சிரித்தாய். அம்மா கைதட்டினாள். மறுநாளும் எழும்பினேன். எப்போது நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன், அவர் சொல்லவே இல்லை, மறந்துவிட்டார். கிளப்பில் மற்ற பெண்கள் யாரும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கவில்லை, தேர்வில் உன்னோடு மோதிய மூன்று பேரும் அப்படித்தான், ஊதினால் விழுவார்கள். ஆகவே உன் வீச்சுக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் தேர்வு வேறு. எனக்கு அதுதான் கடைசி வருடம். அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எக்ஸ்ரே ரூமில் விளக்கை அணைத்துவிட்டு ஸ்விட்சை அழுத்தும் அந்த இரண்டு விநாடியில் நான் அந்தக் கூடத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். துணியைப் பிடித்துக்கொண்டு மேட் துடைக்க ஓடுவதுவரை கேட்டு விசாரித்து வைத்திருந்தேன். நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஒரு மாதம் தபால்காரரோடு தனியாகப் பழகினேன். அவர் எண்பது கிலோ. உன்னைப் போலவே காலரைப் பிடித்துத் திரும்பி நுழையச் சொல்வேன். நான் இடுப்பைத் தாழ்த்தி அவர் முதுகை அடைத்துக்கொண்டு நிற்பேன். முப்பது தடவையில் இரண்டு தடவைதான் என்னைத் தூக்கினார். "இந்தத் தடவை உன் தங்கச்சி பாடு திண்டாட்டம்தான்" என்று சொல்லிவிட்டுத் தபால் பையைத் தூக்கிக்கொண்டு போவார். அவ்வளவு தயாராக வந்தேன். உன்னைத் தோற்கடிக்க வந்தேன், வாலு. அதற்கு வெட்கப்படவும் இல்லை.

நாற்பதாவது விநாடியில் உன் கை என் காலருக்கு வந்தது. இடுப்பைத் தாழ்த்து என்று மனதில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் குதிகால் தானாக எழும்பிவிட்டது. தபால்காரர் பிடித்தபோது எழும்பாத கால், உன் கை பட்டதும் எழும்பியது. கூரையிலிருந்த டியூப்லைட் தெரிந்தது. இடது கை தானாக நீண்டு மேட்டை அடித்தது. தொட்டில் பழக்கம் என்பார்களே, அது இதுதான்.

நான் எழுந்து ஜூடோச் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றபோது கோச் பக்கத்தில் வந்து என் தோளைத் தட்டினார். "வழக்கம்போல அழகா விழுந்தே" என்றார்.

உனக்குப் பிச்சை போட எனக்கு மனம் வந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன். நான் போடவில்லை. உன் கோபத்துக்கு வேறு இடம் பார்.

மெத்தை

*

ஜூன் 11

அக்கா,

பதில் எழுத இரண்டு மாதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்தாலே அந்த டியூப்லைட்தான் கண்ணில் நிற்கிறது. என்ன சொன்னாலும் பொருத்தமாக இல்லை. அதனால் மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதாமல் விடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஒரு நல்ல செய்தி வந்திருக்கிறது. அதற்கு முன் கெட்ட செய்தி. என்னை ஜூலைக் கடைசியில் திருப்பி அனுப்புவதாக இருந்தார்கள். முன்னேற்றம் இல்லை என்று தாளில் எழுதி வார்டன் கையெழுத்து வாங்க வந்தார். நான் பயிற்சியாளரம்மா அறைக்குப் போய் வெட்கத்தை விட்டு அழுதேன். அவர் யோசித்துவிட்டு, ஜோடி முறையில் சேருகிறாயா என்றார். உனக்குத்தான் தெரியுமே, சண்டை கிடையாது. ஒருத்தி வீச வேண்டும், ஒருத்தி விழ வேண்டும், பதினைந்து வீச்சு, வரிசை பிசகாமல். இரண்டு பேரின் அழகுக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண். "உன் வீச்சைத் தூக்கிக் காட்டுற மாதிரி விழ உங்க அக்காவை விட்டா யாரு?" என்று அவரே கேட்டார்.

ஜோடி முறைக்கு வயது வரம்பே இல்லை அக்கா. உன்னை இங்கே கூப்பிடச் சம்மதித்துவிட்டார்கள். ஒரு வருடம். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. என் அறையிலேயே மேல் கட்டில் காலியாக இருக்கிறது, ஜன்னல் பக்கம். நேற்றே துடைத்து விரிப்புப் போட்டுவிட்டேன். நீ நின்று பார்க்க ஆசைப்பட்ட அதே கூடத்தில் நீ நிற்கலாம்.

படிவத்தில் வீசுபவர் என்ற இடத்தில் என் பெயரும் விழுபவர் என்ற இடத்தில் உன் பெயரும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ பாஸ்போர்ட் நகலும் மருத்துவச் சான்றும் அனுப்பினால் போதும். நீ வந்தால் நானும் இங்கே இருக்கலாம். வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வந்துவிடு அக்கா. இந்தத் தடவை மெத்தை என்று யாரும் கூப்பிட மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாலு

*

ஜூலை 3

வாலுவுக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டு அப்படியே அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடினேன். இதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கீங்கன்னா எனக்கு நிம்மதிடி" என்று சொல்லி, பழைய பெட்டியை வெயிலில் காயப்போட்டாள். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் மருத்துவச் சான்றுக்காக என் இடது தோளை நானே படம் பிடித்தேன். அது ஒரு வருடமாக வலிக்கிறது. நீ வலது கைக்காரி, உன் வீச்சில் நான் எப்போதும் இடது பக்கம்தான் விழுவேன். படத்தைப் பெயர் எழுதாமல் மற்ற படங்களோடு சேர்த்து டாக்டர் மேஜையில் வைத்தேன். ஒவ்வொன்றாக வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தவர் இதில் நின்றார். "இந்தம்மாவுக்கு ஐம்பது இருக்குமா? மூட்டு தேய்ஞ்சு போச்சே. மூட்டை தூக்குறாங்களா?" என்றார். என்னுடையது சார் என்றேன். படத்தை என் கையில் கொடுத்து, இனி ஒரு தடவைகூட அந்தப் பக்கம் விழக் கூடாது என்றார்.

நான் அதோடு விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. இருபது வயதுப் பெண்ணின் நல்ல தோள் படம் ஒன்று அன்றைக்கே வந்திருந்தது. அதில் என் பெயரை ஒட்டி அனுப்பலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வேலை போனாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். அதற்காக உன் கடிதத்தை, என்னென்ன சான்று வேண்டும் என்று பார்க்க, இரண்டாம் தடவை எடுத்துப் படித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜோடி முறையில் இரண்டு பேர். இரண்டு இடம். நீ வீசுகிறவள், நான் விழுகிறவள். இதை நீ யோசித்து எழுதியிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்காது. நீ யோசிக்கவே இல்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போவது போல உன் பேனா தானாகப் போய் என் பெயரை அங்கே எழுதியிருக்கிறது. என் குதிகாலும் உன் பேனாவும் ஒரே கிளப்பில் பழகியவை.

வீசுகிற இடத்தில் என் பெயரை எழுதி, "அக்கா, இந்த ஒரு தடவை நான் விழுகிறேன், நீ வா" என்று கேட்டிருந்தால், இந்தத் தோளோடும் வந்திருப்பேன். டாக்டர் காலில் விழுந்தாவது வந்திருப்பேன்.

படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். உன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். மேல் கட்டில் விரிப்பை எடுத்துவிடு. பெட்டியை அம்மா உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

அக்கா

*

ஆகஸ்ட் 3

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். பொறுத்துப் படி.

படத்தை ஜன்னலில் பார்த்தேன். எனக்கு எலும்பு பார்க்கத் தெரியாது. குதிரைவாலிடம் காட்டினேன். அவள் முதல் தடவையாக எதையும் நடித்துக் காட்டவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தை வாங்கி, பெயரை மாற்றி எழுதினேன். வீசுபவர் நீ, விழுபவர் நான். விழத்தானே கூடாது என்றார் டாக்டர், வீசக் கூடாது என்று சொல்லவில்லையே என்று நினைத்தேன். இதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன்.

பயிற்சியாளரம்மா படிவத்தைப் பார்த்துவிட்டு, "அப்படின்னா விழுந்து காட்டு" என்றார். குதிரைவால் வீசினாள். மெதுவாகத்தான் வீசினாள், அவள்மேல் தப்பில்லை. தரை வருவதைப் பார்த்ததும் நான் வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. நாலு மாதமாக மூலையில் நின்று கற்றுக்கொண்டது அந்த நேரத்துக்கு வரவில்லை.

படிவத்தைக் கிழித்துவிட்டார்கள். உன் இடமும் போயிற்று, என் இடமும் போயிற்று. மாதக் கடைசியில் கட்டோடு வருகிறேன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அம்மாவிடம் அந்தப் போட்டோவை எடுத்துவிடச் சொல்.

ஆறாவது வாரம் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். உனக்கு எந்த நாள் டூட்டி? உனக்கு என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றால் அந்த நாளை விட்டு வேறு நாள் வருகிறேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 14

வாலுவுக்கு,

உன் கோழிக் கிறுக்கலைப் படிக்க அம்மாவின் கண்ணாடியை வாங்க வேண்டியிருந்தது.

செவ்வாய், வியாழன், சனி காலை என் டூட்டி. அந்த நாளில் வா. டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார். அக்கா இருக்கிறாள் என்று கதவைத் தள்ளிக்கொண்டு வராதே. எல்லோருக்கும் சொல்வதைத்தான் உனக்கும் சொல்வேன். கையைத் தட்டையாக வை, அசையாதே.

போட்டோ அங்கேயே இருக்கட்டும். ஆணியைப் பிடுங்கினால் சுவர் பெயரும்.

கையை ஊன்றி விழக் கூடாது என்பது முதல் நாள் பாடம். உனக்கு ஞாபகம் இருக்காது. கோச் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஆளுக்கு இருபது தடவை விழச் சொன்னார். நீ பயந்துபோய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "அவளுக்கும் சேர்த்து நானே விழுறேன் சார்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு நான் நாற்பது தடவை விழுந்தேன்.

அக்கா